இடது மூலை யானை

கீதாஞ்சலி கடைசியாகத் தூங்கி எழுந்து இருபத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண் விழித்தவள். இப்போது ஞாயிறு காலை பத்து. பெரம்பலூர் பாலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், பதினெட்டாம் நம்பர் மேசையில், கறுப்புக் காய்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேடையில் போன முகூர்த்தத்துக்குக் கட்டிய தெர்மாகோல் மயில் இன்னும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொருகியது. பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாள் போட்டி. ஐந்து சுற்று. அதற்காக மூன்று நாளும் லீவு சொல்லியிருந்தாள். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் அவளுக்கு வேலை. சனிக்கிழமை இரவு ஷிப்டை அம்பிகா பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. சனிக்கிழமை நாலாவது சுற்று முடிந்து, கொடுத்து வைத்திருந்த போனை வாங்கித் திறந்தால் அம்பிகாவிடமிருந்து ஆறு மிஸ்டு கால். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். லேபில் அடுத்த ஆள் வந்தால்தான் முந்தைய ஆள் வீட்டுக்குப் போக முடியும். வேறு யாரையும் கேட்கக் கீதாஞ்சலிக்கு வாய் வரவில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை. பஸ் ஏறி அரியலூர் போய்ப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டாள்.

மணிக்கு ஒரு தரம் சூளையிலிருந்து வரும் உருண்டைக் கல்லை எடுத்து வந்து, பொடித்து, அதில் சுண்ணாம்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாலு மணி சாம்பிள்தான் கொடுமை. கைகால் சொன்ன பேச்சைக் கேட்காது. மூன்று மணிக்கு வந்த அளவையே நாலு மணிக்கும் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பல பேர் போடுவார்கள். அவள் போட்டதில்லை. பெரிய நேர்மை என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. போட்டால் விடிகிறவரை அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பு இருந்ததில்லை.

காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். தூங்கினால் எழுப்ப ஆள் இல்லை.

இவ்வளவு பாடும் ஒரு வேலைக்காக. பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் செஸ் கோச் வேண்டுமாம். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை. சம்பளம் லேபைவிடக் கொஞ்சம் குறைவுதான். அவளுக்குச் சம்பளம் பெரிதாகத் தெரியவில்லை. ராத்திரி என்றால் ராத்திரியாக இருக்கும், படுத்தால் தூங்கலாம். பள்ளிக்கூடத்துத் தாளாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இன்டர்நேஷனல் ரேட்டிங் இருக்கா? இல்லை. அடுத்த மாதப் பட்டியலில் பெயர் வந்தால் வரச் சொன்னார், அதுவரைக்கும் வேறு ஆள் போடாமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். நாலு சுற்றில் அவள் எடுத்தது ஒன்றரைப் புள்ளி. நடுவர் ராஜராஜன் நேற்று சாயந்தரம் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தார்: கடைசிச் சுற்றில் ஜெயித்தால் பட்டியலில் பெயர் வரும். டிரா போதாது.

எதிரே உட்கார வேண்டியவர் உடையார்பாளையம் கொளஞ்சி. ஐம்பதை நெருங்கும் வயது. டிராக்டர் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் எங்கே போட்டி நடந்தாலும் ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிடுவார். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, கண்ணு ரெண்டும் முந்திரிப்பழம் கணக்கா செவந்து கெடக்கு?"

"நைட் ஷிப்ட் சார்."

"அடப் பாவமே. அப்ப நான் கிளாக்க மெதுவா அமுக்குறேன். லொட்டு லொட்டுன்னு அடிச்சா முழிச்சிக்குவ, எனக்குத்தான் நஷ்டம்."

அவள் சிரிக்க முயன்றாள். வாய் பாதி தூரம் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மரக்கட்டை நகர்த்தப் போகிற மனுஷனுக்குச் சோறு எதற்கு என்று வீட்டில் கேட்டதையும், அதனால் காலையில் சாப்பிடாமலே கிளம்பியதையும் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராஜராஜன் மைக்கில் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். மண்டபம் அடங்கியது.

கொளஞ்சி ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். அவள் தன் ராஜாச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினாள். பிரெஞ்சு டிபன்ஸ். எட்டாம் வகுப்பிலிருந்து கறுப்புக் காய் கிடைத்தால் அவள் ஆடுவது இது ஒன்றைத்தான். முதலில் ஒதுங்கி நிற்கிற தொடக்கம். எதிராளி நடுவில் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு ஓரத்திலிருந்து மெல்ல அரிக்க வேண்டும். அவள் சுபாவத்துக்குச் சரியாக இருந்தது. முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்கு மூளை வேண்டாம், கையே ஆடிவிடும். இந்தச் சிப்பாய், அந்தக் குதிரை, மந்திரி, அப்புறம் கேஸ்லிங்.

கேஸ்லிங் என்றால் ராஜாவைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய் வைப்பது. ராஜா யானைப் பக்கமாக இரண்டு கட்டம் போகும், யானை அதைத் தாண்டி மறுபுறம் வந்து நிற்கும். ஒரே நகர்த்தலில் இரண்டு காய் நகர்வது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான். அதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. ராஜாவோ அந்த யானையோ அதற்கு முன் ஒரு தடவைகூட நகர்ந்திருக்கக் கூடாது. நகர்ந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்தாலும் செல்லாது.

கொளஞ்சி நாலாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே எடுத்தார். அவர் வழக்கம் அது. வலதுபுறமாகக் கொண்டுவந்து கீதாஞ்சலியின் ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றின்மேல் கண் வைத்தார். அவளுடைய கை பழகிய வரிசையில் இது இல்லை. கொஞ்சம் பொறுத்து மந்திரியை வெளியே விட்டதும் அந்தச் சிப்பாய்க்குக் காவல் இல்லாமல் போனது. காவலுக்காக இடது மூலையில் நின்ற யானையை ஒரு கட்டம் உள்ளே தள்ளினாள். பிறகு ஒரு குதிரையைக் கொண்டுவந்து அந்த வேலையைக் குதிரையிடம் ஒப்படைத்தாள். ராணி பின்வாங்கியது. யானைக்கு அங்கே நின்று ஆகப்போவது ஒன்றும் இல்லை. அதைத் திரும்பவும் மூலைக்கே கொண்டுபோனாள். அதற்குள் கொளஞ்சியின் காய்கள் எல்லாம் நடுவில் வந்து கூடிவிட்டன.

அவள் நெற்றியில் கையை முட்டுக் கொடுத்துக் குனிந்து யோசிக்க ஆரம்பித்தாள்.

செஸ் மண்டபத்தில் தூங்குவது சுலபம். குனிந்திருந்தால் யோசிக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ராஜராஜன் இரண்டு தரம் அந்தப் பக்கமாக வந்து போனார், அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கனவில் கீதாஞ்சலி கல்லைப் பொடித்துக்கொண்டிருந்தாள். பொடித்தும் பொடித்தும் கல் குறையவில்லை. எங்கேயோ யாரோ இருமினார்கள். மறுபடி இருமினார்கள். அப்புறம் தரையில் இரும்பு உரசும் சத்தம் பெரிதாகக் கேட்டது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

ராஜராஜன் மேசை அருகே வந்து நின்றார். கொளஞ்சியைப் பார்த்து, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது, இது முதல் எச்சரிக்கை, இன்னொரு தரம் என்றால் எதிராளிக்கு நேரம் கூட்டிக் கொடுக்க வேண்டிவரும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கொளஞ்சி தலையை ஆட்டினார். பக்கத்து மேசைகளில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய காது சிவந்துவிட்டது.

கீதாஞ்சலி கிளாக்கைப் பார்த்தாள். எழுபது நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்த அவளுடைய நேரம் இப்போது முப்பத்தைந்துக்கு வந்திருந்தது. பலகையைப் பார்த்தாள். கட்டங்கள் கொஞ்சம் மிதந்தன. கை தானாக நீண்டது. பழகிய வரிசையில் அடுத்தது எதுவோ அதைக் கை செய்தது. ராஜா இரண்டு கட்டம், யானை தாண்டி இப்புறம். கிளாக்கை அமுக்கினாள்.

கொளஞ்சி எச்சரிக்கை வாங்கிய கூச்சத்திலேயே இருந்தார். அவள் நகர்த்தலைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். ரொம்ப நேரம் பலகையையே பார்த்தார். அவர் காய்களைக் கூட்டி வைத்திருந்ததெல்லாம் நடுவில் நின்ற ராஜாவை அடிக்க. ராஜா ஓரமாகப் போய்விட்டது. வேறு வழி தெரியாமல் ஒரு குதிரையைப் பலி கொடுத்துப் பார்த்தார். ராஜா நடுவிலேயே நின்றிருந்தால் அந்த அடி எலும்பை முறித்திருக்கும். இப்போது குதிரை போனதுதான் மிச்சம்.

அதன் பிறகு கீதாஞ்சலிக்கு ஆட்டம் தெளிந்தது. ஒரு காய் அதிகம். ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டாள். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போனாள். ஒன்பதிலிருந்து நாலு என்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் படுப்பதை நினைத்தாள். அதில் ஆசைகூட இல்லை, வெறும் அசதிதான் இருந்தது.

கொளஞ்சி மந்திரியால் ஒரு செக் வைத்தார். பெரிய செக் இல்லை, ராஜாவை மூலைக்குத் தள்ளினால் போதும். அவள் ராஜாவின் தலையில் விரலை வைத்தாள்.

விரல் அங்கேயே நின்றது.

இந்தக் கட்டத்தில் முதலில் யானை நின்றது. இதே கட்டம். அவள்தான் கொண்டுவந்து நிறுத்தினாள், அவள்தான் திரும்ப மூலைக்குக் கொண்டுபோனாள். அப்புறம் தூங்கினாள். எழுந்து கேஸ்லிங் செய்தாள்.

ராஜாவை மூலைக்கு நகர்த்தி, கிளாக்கை அமுக்கி, நகர்த்தலைத் தாளில் எழுதினாள்.

விதி அவளுக்குத் தெரியும். முதல் நாள் காலை ராஜராஜனே எல்லாருக்கும் படித்துக் காட்டினார். ஆட்டம் முடிவதற்குள் தப்பு தெரிய வந்தால், தப்பு நடந்த இடத்துக்கே ஆட்டம் திரும்பிப் போகும். தப்பு செய்தவர் எந்தக் காயைத் தொட்டாரோ அந்தக் காயையே வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். அவள் தொட்டது ராஜாவை. கொளஞ்சியின் காய்கள் வட்டம் கட்டி நிற்கும் நடுவில், எட்டு வைத்தால் அடி விழுகிற இடத்தில், ராஜாவைத் தானே எடுத்து வைக்க வேண்டும். அதன் பிறகு ஜெயிப்பது நடக்காது. ஆனால் ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கை குலுக்கிவிட்டால் ஆட்டம் முடிந்ததுதான். அப்புறம் யார் என்ன கண்டுபிடித்தாலும் முடிவு மாறாது.

இரண்டு பேர் தாளிலும் யானை போனதும் வந்ததும் எழுதியிருந்தது. கொளஞ்சி திருப்பிப் பார்க்கவில்லை. ராஜராஜன் பதினாறாவது மேசையில் நேர நெருக்கடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் இருக்கும் மண்டபத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கொளஞ்சி நகர்த்திவிட்டு எழுந்து வெளியே போனார். அவள் பதிலுக்கு நகர்த்தி, கிளாக்கை அமுக்கிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனாள். சமையல்கட்டுக் குழாயில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தாள். அந்த இருமலை நினைத்துக் கோபம் வந்தது. அப்படியே விட்டிருந்தால் நேரம் முடிந்து தோற்றிருப்பாள். யாருக்கும் எந்தப் பாடும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் டீ கேன் வைத்திருந்தார்கள். அங்கே ராஜேஷின் குரல் கேட்டது. பெரம்பலூர்ப் பையன், கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான், ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டான். கொளஞ்சியை எதற்கு எச்சரித்தார்கள் என்று அவன் கேட்டான்.

"இருமுனேன்."

"இருமுனதுக்கா வார்னிங் குடுப்பாங்க? என்னண்ணே கதை உடுறீங்க."

"மூணு தரம் இருமுனேன்டா. எந்திரிக்கல. அப்புறம் சேரப் புடிச்சு ஒரு இழு இழுத்தேன். அதுக்கும் எந்திரிக்கலைன்னா மேசையவே கவுத்திருப்பேன்."

"அண்ணே, அது தூங்குனா உங்களுக்கு நல்லதுதான? நேரம் ஓடட்டும்னு கம்முனு உக்காந்திருந்தா ஒரு பாயின்ட்."

"தூங்குற புள்ளகிட்ட ஜெயிச்சிட்டு, அத வூட்ல போயி என்னன்னுடா சொல்றது? ஏற்கெனவே சோறு இல்லங்குறா." டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி உடு. எழுப்பிவிட்ட கையோட என் குதிரைய முழுங்கிருச்சு. தூங்கும்போதே இந்த ஆட்டம், முழிச்சிருந்தா நம்மள ஊரவிட்டே ஓட்டியிருக்கும்."

ராஜேஷ் சிரித்தான். கீதாஞ்சலி குழாயை மூடினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது கொளஞ்சி அவளுக்கு முன்பே வந்திருந்தார். மேசையில் அவள் பக்கமாக ஒரு பேப்பர் கப் டீ இருந்தது. ஆட்டத்தின்போது பேசக்கூடாது என்பதால் கண்ணாலேயே குடி என்றார். அவள் ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை அதிகம்.

எல்லாப் போட்டியிலும் ஏதாவது நடந்திருக்கிறது. கல்லூரிப் போட்டியில் ஒருத்தி காயைத் தொட்டுவிட்டுத் தொடவே இல்லை என்று சாதித்தாள். ஜெயங்கொண்டத்தில் ஒருவர் நேரம் முடிந்த பிறகும் ஆடினார். ஒரு தடவைகூட அவள் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். அதற்குத் தோற்றுப்போவதே மேல் என்று இருந்துவிடுவாள். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் வெற்றி. வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்த வேலைதான். அதை இவ்வளவு நாள் இவ்வளவு ஒழுங்காகச் செய்து வந்திருக்கிறாள்.

ஆட்டம் இன்னும் ஆறேழு நகர்த்தல் ஓடியது. அவள் சரியாகவே ஆடினாள். ஒரு சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தக் கொளஞ்சியிடம் ஒன்றும் இல்லை. அந்தச் சிப்பாய் ஒவ்வொரு கட்டம் போகும்போதும் பள்ளிக்கூடம் ஒரு கட்டம் பக்கத்தில் வந்தது. வகுப்பறையில் பெரிய காந்தப் பலகை மாட்டியிருக்கும். பிள்ளைகள் கேட்பார்கள், மிஸ், எப்ப கேஸ்லிங் பண்ணக் கூடாது? அவள் சொல்லிக் கொடுப்பாள். வருஷா வருஷம், ஒவ்வொரு வகுப்புக்கும், அதே கேள்விக்கு அதே பதில்.

நாலு மணி சாம்பிள் ஞாபகம் வந்தது. பொய்யாக ஒரு எண்ணை எழுதுவதில் சிரமமே இல்லை. எழுதிய பிறகு அதைச் சுமந்துகொண்டு விடிகிறவரை உட்கார்ந்திருப்பதுதான் முடியாது. இது எத்தனை மணிக்கு விடியும் என்று தெரியவில்லை.

கொளஞ்சி ஒரு பெருமூச்சு விட்டார். பேனாவுக்கு மூடி போட்டுச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். சிதறிக் கிடந்த தன் காய்களை ஒரு தரம் பார்த்தார், குதிரை நின்ற இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, மேசையின் மேலாகக் கையை நீட்டினார்.

கீதாஞ்சலியின் வலது கை பாதி தூரம் எழுந்தது. அந்தக் கையை அவர் பக்கம் கொண்டுபோகாமல் அப்படியே தலைக்கு மேலே தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. இடது கையால் கிளாக்கை நிறுத்தினாள். கொளஞ்சியின் கை பலகைக்கு மேலே நின்றது.

"என்ன பாப்பா?" என்றார், விதியை மறந்து.

பக்கத்து மேசைகள் திரும்பின. அதற்கு அடுத்த மேசைகளும் திரும்பின. ராஜராஜன் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். அவர் வந்து சேரும்வரை அவள் கையைக் கீழே இறக்கவில்லை. வாயில் டீயின் சர்க்கரை ஒட்டியிருந்தது. என்ன விஷயம் என்று அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார். அவளும் மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது, மேடையில் இருந்த மயில்வரைக்கும் கேட்டிருக்கும்.

"நான் கேஸ்லிங் பண்ணது செல்லாது சார். அந்த யானை அதுக்கு முன்னாடியே ஒரு தடவ நகந்துட்டு வந்துச்சு."